டிஸ்ப்ளே டேங்கில் காப்பர்: வாசகர் கேள்வி பதில்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல, வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்தைப் பற்றியே இருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்தில் ஒரு மீன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது. அதனால் அதற்குத்தான் நீளமான பதில்.

கேள்வி: நாலடி டேங்க் சார். லைவ் ராக் (சின்னச் சின்ன உயிர்கள் குடியேறிய பாறை) போட்டிருக்கிறேன், அடியில் பவள மணல். பவுடர் ப்ளூ டாங் ஒன்று, க்ளவுன் ஜோடி, இரண்டு டாம்சல். டாங் மேல் வெள்ளைப் புள்ளி வந்ததும் கடைக்காரர் சொன்னபடி காப்பர் மருந்தை மெயின் டேங்கிலேயே ஊற்றினேன். அன்று ராத்திரி டெஸ்ட் கிட்டில் அளவு சரியாக இருந்தது. மறுநாள் பார்த்தால் பாதிகூட இல்லை. மறுபடி ஊற்றினேன், மறுபடி குறைந்தது. நாலாம் நாள் புள்ளி எல்லாம் போய்விட்டது, ஆனால் டாங் வேகமாக மூச்சு வாங்குகிறது, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னும் ஊற்றவா, நிறுத்தவா? — வாசகர், சென்னை குளத்தூர்

பதில்: நிறுத்துங்கள். இதைப் படித்ததும் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, உப்புக் கரைத்து, வெப்பநிலை சரிபார்த்த தண்ணீரில் ஒரு 30 சதவீதம் மாற்றுங்கள். ஏர் பம்ப் இருந்தால் கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போடுங்கள். காப்பர் மீனின் செவுளைத்தான் முதலில் கெடுக்கும், வெள்ளைப் புள்ளிக் கிருமியும் செவுளைத் தாக்கும், ஆகவே உங்கள் டாங்குக்கு இப்போது இரண்டு பக்கமும் அடி. ஒரு எச்சரிக்கை: அமோனியாவைக் கட்டுப்படுத்துகிறேன் என்று க்ளோரின், அமோனியா நீக்கும் திரவம் எதையும் காப்பர் இருக்கும் தண்ணீரில் ஊற்றிவிடாதீர்கள். அவற்றில் பல, காப்பரை மீனுக்கு இன்னும் விஷமான வடிவத்துக்கு மாற்றிவிடும்.

அளவு ஏன் தினமும் குறைகிறது என்றால், உங்கள் பாறையும் மணலும் காப்பரைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே கால்சியம் கார்பனேட். தண்ணீரில் இருக்கும் காப்பர் அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், பாறையின் துளைகளுக்குள் படியும், மணலுக்கடியில் இருக்கும் அழுக்கோடும் சேரும். டெஸ்ட் கிட் தண்ணீரில் இருப்பதை மட்டும் காட்டுகிறது. நீங்கள் ஊற்றிய மீதிக் காப்பர் எங்கும் போகவில்லை, தொட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. பி.எச். ஒரு நாள் இறங்கினால் அதில் கொஞ்சம் திரும்பத் தண்ணீருக்கு வரும்.

அளவிலும் ஒரு சிக்கல் இருந்திருக்கலாம். நாலடி டேங்க் என்றால் பொதுவாக 120 × 45 × 45 செ.மீ., கணக்குப்படி 243 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டால் 27 லிட்டர் போச்சு, பாறையும் மணலும் அடைத்த இடம் இன்னொரு 30, 40 லிட்டர் இருக்கும். ஆக உள்ளே இருக்கும் தண்ணீர் 180 லிட்டர் பக்கம்தான். பெரும்பாலானவர்கள் 243க்குத்தான் மருந்தை அளக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே மூன்றில் ஒரு பங்கு கூடுதல்!

புள்ளி மறைந்ததைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இந்தக் கிருமியின் பெயர் க்ரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். மீனின் தோலுக்கடியில் மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கும், அப்புறம் தானாகவே உதிரும். உதிர்ந்தது பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டி, ஓடு கட்டிக்கொண்டு உள்ளே பிரிந்து பெருகும். பிறகு ஓடு உடைந்து நூற்றுக்கணக்கில் குட்டிகள் நீந்திக் கிளம்பும், ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். காப்பர் கொல்வது இந்த நீந்தும் குட்டிகளை மட்டும்தான். மீனுக்குள் இருப்பதையும் ஓட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. மருந்தே ஊற்றாமல் இருந்திருந்தாலும் முதல் சுற்றுப் புள்ளிகள் அந்த நாலு நாளில் மறைந்திருக்கும். அடுத்த சுற்று வரும்போது தண்ணீரில் சரியான அளவு காப்பர் தயாராக நிற்க வேண்டும், ஒரு நாள்கூட இறங்காமல் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். பாறையும் மணலும் உள்ள தொட்டியில் அது நடக்காது. டிஸ்ப்ளே டேங்கில், அதாவது பாறை, மணலோடு பார்வைக்கு வைத்திருக்கும் மெயின் டேங்கில், மருந்து ஊற்றாதீர்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வது பவளத்தை நினைத்து மட்டுமில்லை, அங்கே மீனுக்கே வைத்தியம் நடப்பதில்லை என்பதால்தான்.

எனவே எல்லா மீனையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். டாம்சலுக்குப் புள்ளியே இல்லையே என்று விட்டுவைக்கக் கூடாது, ஒரு மீன் மிச்சமிருந்தாலும் கிருமிக்கு அது போதும். பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன்தான், ஆனால் வெள்ளைப் புள்ளிக்கு அதைப்போலச் சீக்கிரம் விழும் மீன் குறைவு. மூச்சு வாங்கும் நிலையில் இருப்பதால் புதுத் தொட்டியில் முதல் நாள் காப்பர் வேண்டாம், மூச்சு கொஞ்சம் சீராகட்டும். அப்புறம் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். ஆனால் புள்ளிகள் உப்புத்தூள் போல இல்லாமல் மாவு தூவியது போலப் பொடியாக இருந்து, மீன் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கி, பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தால் அது வேறொரு கிருமியால் வரும் வெல்வெட் நோயாக இருக்கலாம். அதற்கும் மருந்து காப்பர்தான், ஆனால் அது சில நாட்களிலேயே கொன்றுவிடும் என்பதால் காத்திருக்க நேரமில்லை.

கேள்வி: தனித் தொட்டியில் காப்பர் வைத்தியம் செய்ய எவ்வளவு அளவு, எத்தனை நாள்? ஒருவர் 0.5 என்கிறார், இன்னொருவர் 2.5 என்கிறார். — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், இருவரும் பேசுவது வெவ்வேறு மருந்தைப் பற்றி. பாட்டிலில் எல்லாவற்றிலும் காப்பர் என்றே எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றில்லை. சாதாரண காப்பர் சல்பேட்டாகக் கரைத்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி. காப்பர். சீகெம் நிறுவனத்தின் கியூப்ரமைன் என்றால் 0.5. காப்பர் பவர் போன்ற கீலேட்டட் வகைகளில் காப்பர் வேறொரு பொருளோடு பிணைந்திருப்பதால் மீனுக்கு உறைப்பு குறைவு, அதனால் 2 முதல் 2.5 வரை தேவைப்படும். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் ஒன்று கிருமி சாகாது, இல்லாவிட்டால் மீன் செத்துவிடும். டெஸ்ட் கிட்டிலும் இதே வம்பு உண்டு. சில கிட்டுகள் இப்படிப் பிணையாத தனிக் காப்பரை மட்டும் காட்டும், கீலேட்டட் மருந்து ஊற்றிய தண்ணீரில் அவை குறைவாகக் காட்டும், நீங்கள் பதறிப்போய் மேலும் மேலும் ஊற்றுவீர்கள். வாங்கும்போதே மொத்தக் காப்பரைக் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். ஹன்னாவின் டிஜிட்டல் காப்பர் செக்கர் 0 முதல் 5 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) வரை அளக்கும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. மீன்களின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு நியாயம் என்பது என் எண்ணம்.

தொட்டி 80, 100 லிட்டர் இருந்தால் நடுத்தர மீன்களுக்குப் போதும். உள்ளே மணல், பாறை, சிப்பி எதுவும் கூடாது. மீன் ஒளிந்துகொள்ள ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி எல்போக்களைப் போடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஏர் பம்ப், அவ்வளவுதான். கார்பனை எடுத்துவிட வேண்டும், யூவி விளக்கு ஓடவே கூடாது, ஓசோனும் கூடாது. கீலேட்டட் காப்பரின் பிணைப்பை அவை உடைத்துவிட்டால் அத்தனை காப்பரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் தனியாக நிற்கும்.

தினசரி வேலையில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும், அதில் மருந்து கூடாது, ஏனென்றால் காப்பர் ஆவியாகாது. தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது மாற்றும்போது மட்டும், புதுத் தண்ணீரில் அதே அளவு மருந்தை முன்கூட்டியே கலந்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் மூடியில்லாத தொட்டி ஒரே நாளில் எவ்வளவு இறங்கும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, முதலில் கோடு வரை தண்ணீரை நிரப்பி, கலந்த பிறகு டெஸ்ட் செய்யுங்கள். வற்றிய தண்ணீரில் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும்.

நாட்கள்: கீலேட்டட் என்றால் அளவு எட்டிய நாளிலிருந்து 30 நாள், தனிக் காப்பர் வகைகளுக்கு மருந்தின் குறிப்பைப் பொறுத்து 14 முதல் 21 நாள். நடுவில் அளவு இறங்கிவிட்டால் நாளைத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுங்கள். சுறா, திருக்கை வகைகளுக்குக் காப்பர் வேண்டவே வேண்டாம், மாண்டரின் மீனும் இதை நன்றாகத் தாங்காது.

இதெல்லாம் நடக்கும்போது டிஸ்ப்ளே டேங்க் மீனில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் கிருமி 72 நாள் வரைகூடக் காத்திருந்து வெளிவந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள், அதனால்தான் 76 நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இறால், நத்தை, பவளம் எல்லாம் அங்கேயே இருக்கலாம், இந்தக் கிருமிக்கு மீன் மட்டும்தான் சாப்பாடு. ஒரே வலையை, ஒரே வாளியை இரண்டு தொட்டிக்கும் பயன்படுத்தாதீர்கள். ஈரக் கையோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் கூடாது.

கேள்வி: காப்பரை வெளியே எடுக்க வாட்டர் சேஞ்ச் போதுமா, கார்பன் போட வேண்டுமா? ஐந்து முறை தண்ணீர் மாற்றியும் டெஸ்ட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. — வாசகர், மதுரை

பதில்: வெறும் தண்ணீர் மட்டும் இருந்தால் கணக்கு எளிது. ஒவ்வொரு முறையும் பாதித் தண்ணீர் மாற்றினால் 2 பிபிஎம் 1 ஆகும், பிறகு 0.5, 0.25, 0.125, ஐந்தாவது முறையில் 0.06. கால் பங்கு மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஐந்து முறைக்குப் பிறகும் 0.47 மிச்சமிருக்கும், அதனால் சின்னச் சின்னதாக மாற்றித் தண்ணீரையும் உப்பையும் வீணாக்காதீர்கள். பாறையும் மணலும் உள்ள தொட்டியில் இந்தக் கணக்கும் நடக்காது. தண்ணீரில் காப்பர் குறைந்ததும் பாறையில் ஒட்டியது மெல்ல வெளியே வரும். ஆகவே ஒரே நாளில் ஐந்து முறை மாற்றுவதைவிட, இரண்டு முறை பெரிதாக மாற்றிவிட்டு, காப்பரைப் பிடிக்கும் பொருளைத் தொடர்ந்து ஓடவிடுவது நல்லது.

எதைப் போடுவது என்பது நீங்கள் எந்த மருந்து ஊற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. தனிக் காப்பர் என்றால் கியூப்ரிசார்ப் போன்ற ரெசின் நன்றாகப் பிடிக்கும், பிடிக்கப் பிடிக்க மணிகள் நீலமாகும். கீலேட்டட் காப்பர் அந்த ரெசினுக்கு அவ்வளவு எளிதில் வசப்படாது, அதற்கு நல்ல ஆக்டிவேட்டட் கார்பனை அடிக்கடி மாற்றிப் போட வேண்டும். பாலி-ஃபில்டர் அட்டை கிடைத்தால் அதையும் போடலாம். காப்பர் இருந்தால் அதுவும் நீலமாக மாறும், அதனால் நீக்குவதோடு துப்பும் கொடுக்கும். எதைப் போட்டாலும் தண்ணீர் அதன் ஊடாகப் போக வேண்டும். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியில்) ஒரு மூலையில் பையைத் தொங்கவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மணலை என்னைக் கேட்டால் தூக்கிப் போடுங்கள் என்பேன். அவ்வளவு மெல்லிய துகள்களில் அவ்வளவு பரப்பில் ஒட்டியதைக் கழுவி எடுப்பது நடக்காத காரியம், புது மணல் விலையும் பெரிதில்லை. மீன் உள்ளே இருக்கும்போது ஒரேயடியாக அள்ளினால் அடியில் தேங்கிய அழுக்கு கிளம்பி அமோனியா ஏறும், ஆகவே தொட்டி காலியாக இருக்கும்போது செய்யுங்கள். பாறையிலிருந்து உதிரும் அழுக்கையும் சைஃபனில் உறிஞ்சி எடுங்கள், அதிலும் காப்பர் இருக்கும்.

எடுத்து முடிந்ததா என்று எப்படித் தெரியும்? டெஸ்ட்டில் பூஜ்யம் வந்ததும் ரெசினையும் கார்பனையும் வெளியே எடுத்துவிட்டு மூன்று, நாலு வாரம் சும்மா ஓடவிடுங்கள். அதன் பிறகும் பூஜ்யம் என்றால்தான் அது பூஜ்யம். இன்னொன்று, ஹன்னா செக்கரிலேயே 0.05 வரை பிசகு உண்டு. லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் காப்பரே பவளத்தைப் பாதிக்கும், அதாவது 0.05க்கும் கீழே. வைத்தியத்துக்கு வாங்கிய கருவியில் பூஜ்யம் காட்டுவதை நம்பிப் பவளத்தை இறக்காதீர்கள். குறைந்த அளவைக் காட்டும் கிட்டில் பாருங்கள், முடிந்தால் தண்ணீரை ஐசிபி பரிசோதனைக்கு (உலோகங்களை நுணுக்கமாக அளக்கும் ஆய்வகச் சோதனை) அனுப்புங்கள்.

கேள்வி: செகண்ட்ஹேண்டில் ஒரு செட்டப் வாங்கினேன். பழைய சொந்தக்காரர் காப்பர் போட்டிருந்தாராம். தொட்டி இனி உதவாதா? ஒரு இறாலை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா? — வாசகர், பாண்டிச்சேரி

பதில்: தொட்டி வீணாகவில்லை. கண்ணாடி காப்பரை உறிஞ்சாது. உள்ளே காய்ந்துகிடக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவத்தில்தான் இருக்கும், அதை வினிகரில் நனைத்துத் தேய்த்து எடுத்துவிட்டுப் பலமுறை அலசுங்கள். பம்ப்பைக் கழற்றி அதையும் வினிகரில் ஊறவையுங்கள். ஓரங்களில் இருக்கும் சிலிக்கானைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள், அதில் சேர்வது சொற்பம். பிறகு உப்புத் தண்ணீர் நிரப்பி, பம்ப் ஓட்டி, சில வாரம் கழித்துக் குறைந்த அளவு கிட்டில் பாருங்கள். கூடவே வந்த பாறை, மணல், பழைய ஸ்பாஞ்ச், பழைய கார்பன் எல்லாம் குப்பைக்கு. பாறை அழகாக இருக்கிறது, மனசு வரவில்லை என்றால் மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இறாலை விட்டுப் பார்க்கும் யோசனை வேண்டாம். 1990களில் கையில் நல்ல கருவி இல்லாதபோது செய்திருக்கலாம், இன்றைக்கு ஒரு கிட் வாங்கும் காசில் ஒரு உயிரைத் துடிக்கவிட்டுச் சோதிக்க என்ன அவசியம்? மேலும் இறால் செத்தால் காப்பரால்தான் செத்ததென்று எப்படிச் சொல்வீர்கள்? உப்பின் அளவு மாறினாலும் சாகும், தோல் உரிக்கும்போதும் சாகும். பிழைத்தாலும் பவளத்துக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே காப்பர் உள்ள ஒரு புரதம்தான், அதற்கு வேண்டிய துளியளவு சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது. தண்ணீரில் அதிகமானால் அதே காப்பர் அதைக் கொன்றுவிடும்.

கேள்வி: உரக்கடை மயில்துத்தம் கிலோ கணக்கில் கிடைக்கிறது, அதுவும் காப்பர் சல்பேட்தானே? இல்லாவிட்டால் ஒரு செம்புத் தகட்டைத் தொட்டியில் போட்டுவைத்தால் என்ன? — வாசகர், ஈரோடு

பதில்: தகடு வேண்டாம். எவ்வளவு கரையும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மயில்துத்தம் காப்பர் சல்பேட்தான். கடல்மீன்களுக்கு இந்த வைத்தியம் பரவியதே அதை வைத்துத்தான். சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர் 1955இல் அதைப் பற்றி எழுதினார், இன்றும் பெரிய மீன்காட்சியகங்களில் அதைக் கரைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் அங்கே தினமும் இரண்டு வேளை அளந்து பார்க்க ஆள் இருக்கிறது. படிகத்தின் எடையில் கால் பங்குதான் காப்பர், ஆக 100 லிட்டர் தண்ணீரில் 0.20 பிபிஎம் வர 79 மில்லிகிராம் போதும். விரல் நுனியில் ஒட்டும் அளவு அது. சமையலறைத் தராசு அதைக் காட்டவே காட்டாது. 0.15க்குக் கீழே கிருமி பிழைத்துக்கொள்ளும், 0.20ஐத் தாண்டினால் மீனுக்கு ஆபத்து, நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகலானது. கடல்நீரின் பி.எச். 8.2 பக்கம் இருப்பதால் காப்பர் கார்பனேட்டாகப் படிந்து தானாகவும் குறையும். உரக்கடைச் சரக்கில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது, அது வயலுக்கென்று செய்தது. மீன்களுக்கென்று அளவு குறித்து வரும் பாட்டிலை வாங்குங்கள்.

கேள்வி: காப்பர் இல்லாமல் வெள்ளைப் புள்ளியைப் போக்க வழியே இல்லையா? — வாசகர், சிங்கப்பூர்

பதில்: இருக்கிறது. மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை, முழுக்கக் காய்ந்து சுத்தமான தொட்டிக்கு நான்கு தடவை மாற்றிக்கொண்டே போனால், உதிரும் கிருமி ஓடு கட்டிக் குட்டி விடுவதற்குள் மீன் அங்கிருந்து போயிருக்கும். மருந்தே தேவையில்லை, 12 நாளில் முடிந்துவிடும், ஆனால் இரண்டு செட் சாமான் வேண்டும். உப்பின் அடர்த்தியை 1.009க்கு இறக்கி வைப்பது இன்னொரு வழி, அதற்கு உப்பை அளக்கும் துல்லியமான ரிஃப்ராக்டோமீட்டர் அவசியம். இரண்டுமே வெல்வெட்டுக்கு உதவாது. உப்பை இறக்கும் வைத்தியத்தையும் டிஸ்ப்ளே டேங்கில் செய்யக் கூடாது, பாறையில் இருக்கும் உயிர்கள் எல்லாம் செத்துத் தண்ணீர் நாறிவிடும்.

கேள்வி: காப்பர் ஏறிய பாறையை எறிந்துவிட்டேன். ராமேஸ்வரம் பக்கம் கரையில் கிடக்கும் செத்த பவளப்பாறையை எடுத்து வந்து போடலாமா? — வாசகர், ராமநாதபுரம்

பதில்: கூடாது. செத்ததாக இருந்தாலும் கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் இருக்கின்றன, 2001இலிருந்து. வைத்திருப்பதே குற்றம். யாராவது வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள், மன்னார் வளைகுடாவில் பவளம் ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. பீங்கானில் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது, துளைகள் நிறைய இருப்பதால் நல்ல பாக்டீரியாவும் நன்றாகக் குடியேறும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், காப்பர் படாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு கேட்டு வாங்கிச் சம்ப்பில் போட்டுவிட்டால் சீக்கிரம் பழகிவிடும். அந்தத் தொட்டியில் வெள்ளைப் புள்ளி வந்ததுண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.